பார்ட்டி ராப்: கட்சியும் இல்லை, விருந்தும் இல்லை

சேலத்தில் ஒரு நடனப் போட்டியில், அடுத்து ஆடப்போகும் பாட்டைப் பற்றி ஒரு குறிப்பு வாசித்தார்கள். "அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்சி ராப் பாடகர் எம்.சி. ஹாமர்" என்று தொடங்கியது. பக்கத்தில் இருந்த பெரியவர் "எந்தக் கட்சிங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. கட்சி என்று காதில் விழுந்தால் கொடியும் சின்னமும்தான் நினைவுக்கு வரும். 'பார்ட்டி ராப்' என்ற ஆங்கிலப் பெயரை இப்படிக் 'கட்சி ராப்' என்று எழுதுவதை இதற்கு முன்பும் பல தடவை பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்த விளக்கம்.

பார்ட்டி என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. வேர்ப்பொருள் 'பகுதி'. அது ஒரு பக்கத்தைக் குறித்து, அப்புறம் அந்தப் பக்கத்து ஆட்களைக் குறித்து, கடைசியில் ஆட்கள் கூடிக் களிப்பதையும் குறித்தது. ராப் என்றால் முதலில் தட்டுவது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் அது சரளமாகப் பேசுவதற்கு ஆகி, பிறகு தாளத்தோடு பேசிப் பாடுவதற்குப் பெயரானது. சொல் வரலாறு இந்த அளவு போதும்.

தமிழில் பார்ட்டியின் கிளைகள் தனித்தனியாக வந்து சேர்ந்தன. வழக்கறிஞரிடம் போகிறவர் கட்சிக்காரர். அரசியலில் கட்சி. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் 'பார்ட்டி வந்திருக்கு' என்றால் கொலுசுக்கு ஆர்டர் கொடுக்கும் வியாபாரி வந்திருக்கிறார். அங்கிருந்து ஏற்காடு மலை ஏறினால் விடுதி வாசலில் 'டிஜே பார்ட்டி' என்று பலகை இருக்கும். பட்டறைப் பார்ட்டியையும் விடுதிப் பார்ட்டியையும் சேலத்துக்காரர் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. குழப்புகிறவர்கள், அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டிவிடும் மொழிபெயர்ப்பாளர்கள்தான்.

சரி, பார்ட்டி ராப் என்றால் என்ன? ஹாமரையே எடுத்துக்கொள்வோம். ஸ்டான்லி பரெல் என்பது இயற்பெயர், 1962இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர். சிறுவனாக அந்த ஊர் பேஸ்பால் அணியில் எடுபிடி வேலை செய்தபோது, ஹேங்க் ஆரன் என்ற பெரிய ஆட்டக்காரரின் சாயல் இவரிடம் இருப்பதைப் பார்த்து, ஆரனின் பட்டப்பெயரான ஹாமரை இவருக்கும் வைத்தார்கள். 1990இல் வந்த 'ப்ளீஸ் ஹாமர் டோன்ட் ஹர்ட் எம்' தொகுப்பு அமெரிக்காவின் இசைத்தொகுப்புப் பட்டியலில் 21 வாரம் முதலிடத்தில் இருந்தது, அந்த நாட்டில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. அதிலிருந்து, தனிப்பாட்டுகளுக்கான பட்டியலில் 'யூ கான்ட் டச் திஸ்' பாட்டு 8ஆம் இடத்துக்கும் 'பிரே' 2ஆம் இடத்துக்கும் போயின. அடுத்த தொகுப்பின் 'டூ லெஜிட் டு க்விட்' 5ஆம் இடத்தைத் தொட்டது. தொளதொள கால்சட்டையும் மேடை நிறைய ஆட்டக்காரர்களுமாகப் பெரிய படையோடு சுற்றினார். அந்தச் செலவும் சேர்ந்துதான் 1996இல் திவால் மனு வரை கொண்டுபோனது.

இந்தப் பாட்டுகளில் கதை பெரிதாக இல்லை. 'யூ கான்ட் டச் திஸ்' பாட்டில், ரிக் ஜேம்ஸ் என்ற பாடகரின் பழைய பாட்டிலிருந்து எடுத்த அடித்தாளம் திரும்பத் திரும்ப வருகிறது. சொற்கள் குட்டையானவை, கூட்டம் சேர்ந்து கத்துவதற்கு ஏற்றவை. உட்கார்ந்திருப்பவரை எழுப்பி ஆடவைப்பதுதான் வேலை. அதுதான் பார்ட்டி ராப். இதில் கட்சிக்கு இடமே இல்லை.

கட்சியைத் தள்ளிவிடுவது எளிது. எனக்கு உண்மையான சண்டை, பார்ட்டி ராப்புக்குச் சிலர் சொல்லும் 'விருந்துச் சொல்லிசை' என்ற ஆக்கத்தோடுதான். இது அக்கறையோடு உருவாக்கிய சொல், தமிழ் படித்தவர்கள் சொல்கிறார்கள். அதனால் பதிலையும் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

இதில் ராப்புக்குச் சொல்லிசை என்பது எனக்கு உடன்பாடுதான். இலக்கணத்தில் சொல்லிசை அளபெடை என்று ஒன்று இருக்கிறதே, குழப்பம் வராதா என்கிறார்கள். வராது. 'நசைஇ' என்று நீட்டுவதைப் பற்றிப் பேசுகிற வகுப்பில் யாரும் ராப் பாடப்போவதில்லை. சொல்லே இசையாக நிற்கும் கலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரிந்து இல்லை. 1994இல் காதலன் படத்தின் 'பேட்டை ராப்' வந்தபோது ராப் என்ற சொல்லே எங்கள் சேலத்து அம்மாப்பேட்டை வரைக்கும் பரவிவிட்டது, ஆகவே ராப் என்று எழுதினாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் விருந்து? ஒரு வாதம், விருந்து என்றால் புதுமை என்பது. தொல்காப்பியம் செய்யுளின் அழகுகளான எட்டு வனப்புகளில் ஒன்றாக விருந்தைச் சொல்கிறது, புதிதாகப் புனையும் யாப்பு அது. அருமையான செய்தி. இன்றைக்கு விருந்து என்ற சொல்லைக் கேட்டு யாப்பை நினைப்பவர் எத்தனை பேர்? 'செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்' என்ற குறளில் விருந்து என்பது வருகிற ஆள். பிறகு அந்த ஆளுக்குப் போடும் சோறும் விருந்தானது. இன்றைக்கு அந்தச் சோறுதான் நிற்கிறது. சேலத்துப் பக்கம் கறி விருந்து என்றால் கிடா வெட்டிப் பந்தி போட்டிருப்பார்கள். விருந்தில் அழைக்கிறவர் ஒருவர், அழைக்கப்படுகிறவர் ஒருவர். இலை போடாமல் விருந்து கிடையாது.

ராப்பும் அடங்கிய ஹிப்ஹாப் கலை பிறந்த கூடுகையோடு இதை ஒப்பிடுங்கள். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ கட்டடம். சிண்டி கேம்பெல் என்ற பெண் பள்ளிக்கூடத்துக்குப் புதுத்துணி எடுக்கப் பணம் திரட்ட நடத்திய பார்ட்டி அது. இசைத்தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். வந்தவர்கள் காசு கொடுத்து ஆட வந்தார்கள். இதைக் கேட்டால் விருந்து என்ற சொல்லை ஆதரிப்பவர்கள் மொய் விருந்தைக் காட்டுவார்கள், அங்கேயும் பணம் திரட்டத்தானே கூடுகிறார்கள் என்று. ஆமாம், ஆனால் மொய் விருந்திலும் சாப்பிட்டுவிட்டுத்தான் மொய் எழுதுகிறார்கள். பிராங்ஸில் யாரும் சோற்றுக்காகக் கூடவில்லை. அங்கே நடந்தது ஆட்டம்.

களியாட்டம் என்று சிலர் எழுதுகிறார்கள். களி என்பதில் கள்ளின் வாடை உண்டு. சுவிசேஷ ராப் குழுவில் பாடத் தொடங்கி, 'பிரே' என்று தொழுகைக்கே ஒரு பாட்டுப் பாடியவருக்கு அது ஒட்டாது. கேளிக்கை என்றதும் கேளிக்கை வரிதான் நினைவுக்கு வருகிறது.

என் சொல் கொண்டாட்டம். கொண்டாட்டச் சொல்லிசை, அல்லது கொண்டாட்ட ராப். சொல்லுக்குள்ளேயே ஆட்டம் இருக்கிறது. கொண்டாடுவதற்குப் பாராட்டுவது என்ற பொருளும் உண்டு, தன்னையும் தன் ஊரையும் புகழ்வது இந்தப் பாட்டுகளின் பாதி வேலை. ஆடியில் சேலத்தின் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும்போது, வேடமிட்டவர்கள் வண்டியில் வர, தெரு முழுக்க மக்கள் நிற்கிறார்களே, அதைச் சேலத்தில் யாரும் விருந்து என்று சொல்வதில்லை. கொண்டாட்டம் என்கிறோம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்ற பழமொழியிலும் கூத்துக்காரரின் பக்கத்தில் நிற்கும் சொல் இதுதான்.

அந்தக் குறிப்பில் வேறு காயங்களும் இருந்தன. 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்பது 'மாபெரும் அடிகள்' ஆகியிருந்தது. வெற்றிப் பாடல்கள் என்ற சொல் பத்திரிகைகளில் எத்தனை காலமாகப் புழங்குகிறது! அதைவிட என்னை வருத்தியது 'யூ கான்ட் டச் திஸ்' பாட்டை 'நீ இதைத் தொடக்கூடாது' என்று எழுதியது. ஹாமர் சொல்வது, என் கிட்டக்கூட வர முடியாது என்ற சவால். தொடக்கூடாது என்ற சொல் நம் மண்ணில் யாரிடம் எதற்காகச் சொல்லப்பட்டது என்று நமக்குத் தெரியும். ஒரு கறுப்பினக் கலைஞரின் பெருமிதத்தை அந்தச் சொல்லில் போட்டு எழுத எப்படிக் கை வந்தது? மூலப் பாட்டை ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பது இன்றைக்கு வழக்கமாகிவிட்டது. வாசித்துக் காட்டவும் ஆளில்லை, திருத்தவும் ஆளில்லை.

ராப்பில் கட்சி என்ற சொல்லுக்கும் ஒரு சரியான இடம் இருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பாட்டிலேயே மோதும் 'பேட்டில் ராப்'தான் அது. நம் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று பாடியே வாதாடுவார்கள். அந்த மரபை வைத்துப் பேட்டில் ராப்பைக் கட்சிச் சொல்லிசை என்றால் கேட்கிறவருக்கு உடனே விளங்கும். 1981இல் நியூயார்க்கின் ஹார்லம் வேர்ல்டு மன்றத்தில் இந்த இரண்டு வகையும் ஒரே மேடையில் மோதின. பிஸி பீ என்ற ராப் பாடகர் கூட்டத்தைக் கூவவைத்து ஆடவைக்கும் கொண்டாட்டக்காரர். கூல் மோ டீ என்ற இன்னொரு பாடகர் அவரைக் குறிவைத்துச் சொல்லால் அடித்தார், எதிர்க்கட்சி கட்டுபவராக. ராப்பில் பாட்டுத்திறமைக்கு மதிப்பு கூடியதற்கு அந்த இரவை இன்றும் காட்டுகிறார்கள். இருவருக்கும் 'கட்சி ராப்' என்று ஒரே பெயரை எழுதினால், அன்றைக்கு யார் யாரை எதற்காக எதிர்த்தார் என்பதே தமிழில் புரியாது.