ஐரோப்பால எலெக்ட்ரிக் கார்ல லாங் டிரைவ் போறீங்களா? ஃபாஸ்ட் சார்ஜர்ல உங்களுக்கு உள்ள உரிமை இதுதான்

நடு ரோட்டுல சார்ஜ் தீந்துடுமோங்கற பயம் எனக்கு போய் ரொம்ப நாளாச்சு, ஆனா சார்ஜர் கண்ணு முன்னாடி நிக்குது, வேலையும் செய்யுது, காசு கட்டத்தான் வழியில்லங்கற நிலைமையை நினைச்சா இப்பவும் வயிறு எரியும். ஒரு தடவை ராத்திரி மழையில பேட்டரி 9 சதவீதத்துல போய் நின்னேன், மெஷின்ல கார்டு வைக்க இடமே கிடையாது, ஆப்பை டவுன்லோட் பண்ணு, அக்கவுண்ட் ஓபன் பண்ணு, மெயில்ல வர்ற லிங்க்கை அமுக்குன்னு வரிசையா கேக்குது, ஃபோன்ல சிக்னல் ஒரே ஒரு கோடு, ஸ்கிரீன் மேல தண்ணி விழுந்து விரல் வச்சாலே வேற எதையோ அமுக்குது. அரை மணி நேரம் அப்படியே போச்சு.

இந்த கஷ்டத்துக்குத்தான் ஐரோப்பிய யூனியன் 2023ல ஒரு சட்டம் போட்டாங்க, நம்பர் 2023/1804, சுருக்கமா ஏஎஃப்ஐஆர்னு சொல்வாங்க, 2024 ஏப்ரல் 13ல இருந்து அமல்ல இருக்கு. இதுக்கு முன்னாடி 2014ல வந்தது டைரக்டிவ், அதை ஒவ்வொரு நாடும் தனித்தனியா தன்னோட சட்டமா மாத்தி எழுதிக்கணும். இது ரெகுலேஷன், 27 நாட்டுலயும் நேரடியா செல்லும்.

இதுல ரெண்டு விதமான கடமை இருக்கு, அதை பிரிச்சு புரிஞ்சுக்கிட்டாதான் யார்கிட்ட என்ன கேக்கலாம்னு தெரியும். எவ்வளவு தூரத்துக்கு ஒரு சார்ஜர் இருக்கணுங்கறது அரசாங்கத்தோட கடமை. காசு எப்படி வாங்கணும், ரேட்டை எப்படி காட்டணுங்கறது சார்ஜர் நடத்துற கம்பெனியோட கடமை.

முதல்ல தூரம். டென்-டின்னு யூனியன் முழுக்க இணைக்கிற பெரிய ரோடுங்க இருக்கு, அதுல கோர் நெட்வொர்க்குன்னு சொல்ற முக்கியமான ரோட்ல ரெண்டு திசையிலயும் 60 கிலோமீட்டருக்குள்ள ஒரு சார்ஜிங் இடம் இருக்கணும், ரோட்டை விட்டு இறங்கினா எக்ஸிட்ல இருந்து 3 கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாது. 2025 டிசம்பர் 31க்குள்ள ஒவ்வொரு இடத்துலயும் மொத்தம் 400 கிலோவாட் சக்தி, அதுல ஒண்ணாவது 150 கிலோவாட் பாயிண்ட் (ஒரு நேரத்துல ஒரு காரை மாட்டற இடம்). 2027 முடியறதுக்குள்ள மொத்தம் 600, அதுல 150 கிலோவாட் பாயிண்ட் ரெண்டாவது இருக்கணும். வண்டி கம்மியா ஓடற ரோட்டுக்கு விலக்கு உண்டு, ஒரு நாளைக்கு சராசரியா 3000 வண்டிக்கும் கம்மின்னா 100 கிலோமீட்டர் வரைக்கும் இடைவெளி விடலாம். அதனால ஆளில்லாத பக்கம் போறப்ப 60 கிலோமீட்டர் கணக்கை நம்பி கிளம்பாதீங்க.

இந்த 150 கிலோவாட்டை நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. அது அந்த பாயிண்ட் கொடுக்க முடிஞ்ச அளவுதான், உங்க கார் எவ்வளவு வாங்கிக்கும்ங்கறது வேற விஷயம். 60 யூனிட் பேட்டரியை 10ல இருந்து 80 சதவீதம் வரைக்கும் ஏத்தணும்னா 42 யூனிட் வேணும், சராசரியா 100 கிலோவாட் கிடைச்சா 25 நிமிஷம். ஆனா பேட்டரி குளிர்ந்து கிடந்தா அதுல பாதி கூட வாங்காம போகலாம், 80 சதவீதம் தாண்டினா பெரும்பாலான காருங்க சார்ஜ் ஏத்தற வேகத்தை குறைச்சுடும். அதனாலதான் 100 வரைக்கும் உக்காந்து ஏத்தறதைவிட 80ல கழட்டிட்டு அடுத்த இடத்துல போட்டுக்கறது மேல்னு சொல்றேன், 60 கிலோமீட்டருக்கு ஒண்ணுங்கற கணக்கு அதுக்குத்தான் கை கொடுக்குது. வண்டி ஓட்டற வேகமும் முக்கியம், காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கக் கணக்குல ஏறும், 130ல ஓட்டினா 110ஐ விட கிட்டத்தட்ட 40 சதவீதம் அதிக எதிர்ப்பு.

இப்ப காசு விஷயத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்ப முக்கியமா படறது இதுதான். 2024 ஏப்ரல் 13க்கு அப்புறம் வச்ச சார்ஜர் 50 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் இருந்தா, நீங்க எந்த கம்பெனிலயும் மெம்பரா இல்லாம சாதாரண பேங்க் கார்டுலயே கட்டிட்டு சார்ஜ் போட முடியணும். கார்டு மெஷின் ஒவ்வொரு சார்ஜர்லயும் இருக்கணும்னு இல்ல, அந்த இடத்துக்கே பொதுவா ஒண்ணு இருந்தாலும் சரி, அதனால சார்ஜர்ல காணோம்னா பக்கத்துல தனியா ஒரு பெட்டி நிக்குதான்னு பாருங்க. பழைய சார்ஜருங்க டென்-டி ரோட்டு ஓரமா இருந்தா 2027 ஜனவரி 1ல இருந்து இதே விதிக்குள்ள வந்துடும். 50க்கு கம்மியான மெதுவான சார்ஜர்ல கார்டு மெஷினுக்கு பதிலா கியூஆர் கோட் போதும்.

ரேட்டும் அப்படித்தான், இந்த புது ஃபாஸ்ட் சார்ஜருங்கள்ல கார்டுல கட்டறவங்களுக்கு யூனிட் கணக்குலதான் விலை போடணும், ஸ்டேஷன்லயே அது தெரியணும், நீங்க பிளக் மாட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். நிமிஷக் கணக்குல ஒரு கட்டணம் சேர்க்கலாம், ஆனா அது இடத்தை ரொம்ப நேரம் அடைச்சுக்கிட்டு நிக்காம இருக்கறதுக்காக, அதையும் எழுதி காட்டணும். சாப்பிட போய் ஒரு மணி நேரம் கழிச்சு வந்தா பில் எகிறுறது இதுலதான். ஆப் வழியா கட்டறவங்களுக்கும் முழு ரேட்டும் முன்னாடியே காட்டணும், வேற நாட்டுல சார்ஜ் போட்டதுக்காக எக்ஸ்ட்ரா காசு கேக்கக் கூடாது.

கேபிளை நீங்க தூக்கிட்டு போக வேண்டாம், 2025 ஏப்ரல் 14ல இருந்து பொது டிசி சார்ஜர் (நேர்மின்சாரம் கொடுக்கற வேகமான சார்ஜர்) எல்லாத்துலயும் கேபிள் அதுலயே இருக்கணும்.

எனக்கு ஒரு குறை இருக்கு, வருஷத்துல எவ்வளவு நேரம் சார்ஜர் வேலை செய்யணும்னு இந்த சட்டத்துல நம்பர் கிடையாது. பிரிட்டன்ல 50 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் உள்ள சார்ஜருங்களுக்கு நெட்வொர்க் சராசரி 99 சதவீதம்னு எழுதியே வச்சிருக்காங்க, அதை இங்கயும் கொண்டு வரணும்.

கடைசியா ஒண்ணு, ராட்டர்டாம்ல இருந்து ஜெனோவா வரைக்கும் போற ரூட்ல நடுவுல சுவிட்சர்லாந்து வருது, அது யூனியன்ல இல்லாததால மேல சொன்ன எதையும் அங்க இந்த சட்டத்தை காட்டி கேக்க முடியாது, பார்டர் தாண்டறதுக்கு முன்னாடியே ஆப்ல ரேட்டை பாத்து வச்சுக்கோங்க.