கித்தோவுக்குப் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்

ஈக்வடாரின் தலைநகர் கித்தோவுக்கு எந்த மாதம் போனால் குளிர் இருக்காது? எந்த மாதம் போனாலும் ராத்திரி குளிரும். எந்த மாதம் போனாலும் உச்சிவெயில் சுடும். ஊர் நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. உயரமோ கடல்மட்டத்திலிருந்து 2,850 மீட்டர். அங்கே வானிலை காட்டும் எல்லா வேடிக்கைக்கும் இந்த இரண்டும்தான் காரணம்.

நிலநடுக்கோட்டில் நண்பகல் சூரியன், ஜூனிலும் டிசம்பரிலும்கூட உச்சியிலிருந்து 23.5 பாகைக்கு மேல் சாய்வதில்லை. பகல் எப்போதும் ஏறக்குறைய 12 மணி நேரம். வந்து சேரும் வெப்பம் மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறாததால், சராசரி வெப்பநிலை வருஷம் பூராவும் 14 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. ஒரே நாளுக்குள் மட்டும் 10 டிகிரி ஏறி இறங்கும். விடியற்காலையில் 9 அல்லது 10, மதியம் 19 அல்லது 20. பருவம் ஆளும் தட்பவெப்பம், பொழுது ஆளும் தட்பவெப்பம் என்று ஜெர்மன் புவியியலாளர் கார்ல் ட்ரோல் பிரித்தார். கித்தோ இரண்டாவது வகை.

இவ்வளவு ஏற்ற இறக்கம் ஏன்? காற்றழுத்தம் அங்கே கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. தலைக்கு மேலே இருக்கும் காற்றும் அதிலுள்ள நீராவியும் குறைவு என்பதால், பகலில் வெயில் தடையில்லாமல் இறங்குகிறது; இரவில் தரையின் சூடு அதே வேகத்தில் வானத்துக்குப் போய்விடுகிறது. பழைய நகரத்தின் சந்துகளில் நடந்தால் இது உடம்பிலேயே தெரியும். வெயில் பக்கம் ஜாக்கெட்டைக் கழற்றத் தோன்றும். எதிர்ப்பக்க நிழலுக்குப் போனதும் மறுபடி மாட்டிக்கொள்ளத் தோன்றும். காற்று இரண்டு பக்கமும் ஒரே 17 டிகிரிதான், நேர் வெயில்தான் வித்தியாசம்.

ஏமாந்துபோகிற இடமும் இதுதான். காற்று குளுகுளுவென்று இருப்பதால் தோல் வேகுவது தெரியாது. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். போதாததற்கு, நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஓசோன் படலமும் மெல்லியது. 11-ஐத் தொட்டாலே 'மிகக் கடுமை' என்று சொல்லும் புற ஊதாக் குறியீடு கித்தோவில் தெளிவான நாளில் 15-க்கு மேல் போவது சாதாரணம். மேகமூட்டத்தை நம்பி சன்ஸ்கிரீனை அறையில் விட்டுப் போகாதீர்கள். மெல்லிய மேகம் இந்தக் கதிரில் பெரும்பகுதியை விட்டுவிடும். மாநிறத் தோல்தானே என்ற அலட்சியமும் வேண்டாம்.

மழைக்கும் பொழுது உண்டு. காலை வெயிலில் பிச்சிஞ்சா எரிமலைச் சரிவுகள் சூடேறும். காற்று அவற்றை ஒட்டி மேலே ஏறும். அமேசான் பக்கத்திலிருந்து வரும் ஈரமும் சேர, மதியத்துக்குள் மேகம் திரண்டு, பிற்பகலில் இடியோடு கொட்டும், சில நாள் ஆலங்கட்டியும் விழும். அக்டோபர் முதல் மே வரை இதுதான் வழக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, காற்று பலம். எனவே மலையேற்றத்தை விடியலில் தொடங்கி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். அருங்காட்சியகத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தக் குறைவைக் கண்ணாலும் பார்க்கலாம். கடலோர குவாயாகில் நகரில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கித்தோவில் உப்பி நிற்கும். தண்ணீர் 90 டிகிரிக்குச் சற்று மேலேயே கொதித்துவிடுவதால் உருளைக்கிழங்கு வேக நேரமாகும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. 2,500 மீட்டரைத் தாண்டினால் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். நல்ல உடற்கட்டு இதைத் தடுக்காது. உடம்புக்கு அவகாசம் தருவதுதான் தடுக்கும். முதல் இரண்டு நாள் மெதுவாக நடங்கள், மதுவைத் தள்ளிவையுங்கள். இதய, நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். பிச்சிஞ்சா சரிவில் ஏறக்குறைய 4,000 மீட்டர் வரை போகும் கேபிள் காரில் வந்திறங்கிய அன்றே ஏறுவது வீண் வம்பு.

அதற்கும் மேலே போவதானால் ஒரு கணக்கு உதவும். 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும். கோட்டோபாக்சி எரிமலையின் தங்குமனை கித்தோவைவிட 2,000 மீட்டர் உயரம். நகரத்தில் 16 டிகிரி என்றால் அங்கே 3 டிகிரி, காற்று அடித்தால் உடம்புக்கு அதைவிடக் குறைவாகத் தோன்றும். கையுறையும் காற்று புகாத மேல்சட்டையும் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.