நாளொன்றுக்கு எத்தனை மில்லிகிராம்? செயற்கை இனிப்பூட்டிகளின் வரம்பு விதி

2023 ஜூலை 14 அன்று, உலக சுகாதார அமைப்போடு தொடர்புடைய இரண்டு குழுக்கள் அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியைப் பற்றித் தத்தம் முடிவுகளை வெளியிட்டன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் 2பி பிரிவில் சேர்த்தது. உணவுச் சேர்க்கைப் பொருட்களை மதிப்பிடும் கூட்டு வல்லுநர் குழுவோ, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம் என்று தான் 1981இல் வகுத்த வரம்பை மாற்றக் காரணமில்லை என்றது. முதல் செய்தியை மட்டும் படித்தவர்கள் நஞ்சு என்றார்கள். இரண்டாவதை மட்டும் படித்தவர்கள் வீண் புரளி என்றார்கள். உண்மையில் இந்த இரு குழுக்களும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தன.

முகமை கேட்டது, இந்தப் பொருளால் புற்றுநோய் வரக்கூடும் என்பதற்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்பதை. எவ்வளவு சாப்பிட்டால் வரும் என்பது அதன் வேலையே அல்ல. 2பி என்பது சான்று குறைவாக இருக்கும் பொருட்களுக்கான பிரிவு. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதில்தான் இருக்கிறது. அஸ்பார்டேம் விஷயத்தில் மனிதர்களிடம் கிடைத்த சான்று, ஒருவகைக் கல்லீரல் புற்றுநோய் தொடர்பான சில ஆய்வுகளோடு நின்றது. ‘எவ்வளவு’ என்ற கேள்வி கூட்டுக் குழுவுக்கு உரியது. நாடுகளின் உணவுச் சட்டங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியின் மீதே எழுப்பப்பட்டிருப்பதால், விதியைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

கூட்டுக் குழு வகுக்கும் இத்தகைய வரம்புக்கு ‘ஏற்கத்தக்க அன்றாட அளவு’ என்று பெயர். அது ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொண்டாலும் குறிப்பிடத்தக்க தீங்கு நேராது என்று கருதப்படும் அளவு. அதைக் கணக்கிடும் முறை எளியது. விலங்குகளுக்கு நீண்ட காலம் அந்தப் பொருளைக் கொடுத்து, எந்தக் கெடுதலும் தென்படாத மிக உயர்ந்த அளவைக் கண்டறிகிறார்கள். பின்னர் அதை 100ஆல் வகுக்கிறார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்காக ஒரு பத்து, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்காக இன்னொரு பத்து. அஸ்பார்டேமுக்கு அந்த உயர்ந்த அளவு கிலோவுக்கு 4,000 மில்லிகிராம், வகுத்தால் 40. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதையே 50 என்று வைத்திருக்கிறது. சுக்ரலோஸ் என்ற இன்னொரு இனிப்பூட்டிக்குக் கூட்டுக் குழுவின் வரம்பு 15. அமெரிக்காவில் அது 5 மட்டுமே. ஒரே பொருளுக்கு இரண்டு எண்கள் இருப்பதைச் சிலர் மோசடிக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். எந்த ஆய்வை அடிப்படையாகக் கொள்வது என்பதில் வல்லுநர்கள் வேறுபடுவதால்தான் எண்ணும் வேறுபடுகிறது என்பதே என் கருத்து.

இந்த வரம்பு உடல் எடையோடு கட்டப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உலக சுகாதார அமைப்பு காட்டிய கணக்கின்படி, சர்க்கரையில்லாக் குளிர்பான டப்பா ஒன்றில் 200 முதல் 300 மில்லிகிராம் அஸ்பார்டேம் இருக்குமானால், 70 கிலோ எடையுள்ளவர் வேறு எதிலிருந்தும் அதைப் பெறாத நிலையில், நாளொன்றுக்கு 9 முதல் 14 டப்பாக்களுக்கு மேல் குடித்தால்தான் வரம்பைத் தாண்டுவார். நாளேடுகள் இந்த எண்ணோடு நின்றுவிட்டன. அதே கணக்கை 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். வரம்பு 800 மில்லிகிராம்; 300 மில்லிகிராம் உள்ள டப்பாவானால் மூன்றாவது டப்பா முடிவதற்குள் அது கடந்துவிடும். கைக்குழந்தைகளுக்கும் இளங்குழந்தைகளுக்குமான உணவில் இனிப்பூட்டிகளைச் சேர்க்கலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் பொதுவாகத் தடுத்திருப்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட நுகர்வோருக்கு உதவ வேண்டியது லேபிள். அதில் பெயராகவோ எண்ணாகவோ இனிப்பூட்டி குறிக்கப்பட்டிருக்கும்: 950 அசிசல்பேம் பொட்டாசியம், 951 அஸ்பார்டேம், 952 சைக்ளமேட், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியாவிலிருந்து எடுப்பவை. சேர்மானங்களை எடை அதிகமுள்ளதிலிருந்து வரிசைப்படுத்துவது வழக்கம். அஸ்பார்டேம் சர்க்கரையைவிடச் சுமார் 200 மடங்கு இனிப்பானது என்பதால் சிறிதளவே போதும். ஆகவே அது பட்டியலின் கடைசியில், நிறமிக்கும் மணமூட்டிக்கும் பக்கத்தில், பொடி எழுத்தில் கிடக்கும். அஸ்பார்டேம் எத்தனை மில்லிகிராம் என்பதை அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவிலும் இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. வரம்பை மில்லிகிராமில் சொல்லிவிட்டு, அளவைச் சொல்லாமல் விடுவது இந்த விதியின் பெரிய குறை.

ஒரே ஒரு பிரிவினருக்கு மட்டும் லேபிள் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது. அஸ்பார்டேம் உடலில் உடையும்போது ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் வெளிப்படுகிறது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் உள்ளவர்களால் அதைச் சரிவர உடைக்க முடியாது. அது சேர்ந்து மூளையைப் பாதிக்கும். எனவே ஃபீனைல்அலனின் இருப்பதாகப் பொட்டலத்தின் மீதே எச்சரிக்க வேண்டும் என்பது சட்டம். இவர்களுக்கு 40 மில்லிகிராம் என்ற வரம்பு பொருந்தாது.

அளவைப் பற்றிப் பேசாத விதி எப்படித் தடுமாறும் என்பதற்கு அமெரிக்க வரலாறே சாட்சி. 1958இல் அங்கே உணவுச் சட்டத்தில் சேர்ந்த டெலேனி பிரிவு, விலங்கிலோ மனிதரிலோ புற்றுநோய் உண்டாக்குவதாகத் தெரிந்த எந்தச் சேர்க்கைப் பொருளையும், எவ்வளவு சிறிய அளவானாலும், அனுமதிக்கக் கூடாது என்றது. 1969இல் சைக்ளமேட் தடைக்கு உள்ளானது. அதே பொருள் ஐரோப்பாவில் வரம்போடு இன்றும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 1977இல் எலிகளுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வந்ததைக் காட்டி சாக்கரினையும் நிறுத்த முயன்றார்கள். அப்போது அங்கே சர்க்கரை நோயாளிகளுக்குக் கலோரியில்லாத வேறு இனிப்பூட்டி கையில் இல்லை. மக்கள் கொதித்தெழுந்ததால் நாடாளுமன்றம் தடையைத் தள்ளிவைத்து, எச்சரிக்கை வாசகம் மட்டும் போதும் என்றது. ஆண் எலியின் சிறுநீரில், மிகுந்த அளவில் கொடுத்த சாக்கரினால் நுண்படிகங்கள் தோன்றிப் பையின் உட்சுவரை உறுத்துவதே காரணம் என்றும், மனிதரிடம் அது நிகழ்வதில்லை என்றும் பின்னர் தெரிந்தது. 2000இல் எச்சரிக்கை வாசகம் நீக்கப்பட்டது. ஆனால் 23 ஆண்டுகள் அந்த வாசகத்தைப் படித்து வளர்ந்தவர்களின் அச்சத்தை எந்தச் சட்டத்தாலும் நீக்க முடியவில்லை.

அஸ்பார்டேம் மீதான சந்தேகமும் விதி நடைமுறையிலேயே பிறந்தது. அமெரிக்காவில் 1974இல் கிடைத்த அனுமதி ஆட்சேபங்களால் மறு ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. 1980இல் விசாரணைக் குழு மேலும் ஆய்வு தேவை என்றது. 1981இல் உணவு மருந்து நிர்வாகத்தின் புதிய தலைவர் அதை மீறி உலர் உணவுகளுக்கு அனுமதி அளித்தார். அந்த முடிவு அறிவியலால் பின்னர் வலுப்பெற்றிருக்கலாம். அதை எடுத்த விதம் ஐயத்துக்கு இடம் கொடுத்தது.

வரம்பு சொல்லாத இன்னொரு விஷயமும் உண்டு. 2023 மே மாதம் உலக சுகாதார அமைப்பு, உடல் எடையைக் கட்டுப்படுத்தவோ நோய்களைத் தவிர்க்கவோ சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நச்சுத்தன்மையைப் பற்றிய தீர்ப்பாக அதைப் படிக்கக் கூடாது; நீண்ட காலப் பயன்பாட்டில் உடற்கொழுப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்பதே அதன் முதன்மையான காரணம். இது நிபந்தனைக்கு உட்பட்ட பரிந்துரை; நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. பற்பசை, மருந்து போன்றவற்றில் உள்ள இனிப்பூட்டிகளும், சர்க்கரை ஆல்கஹால் வகைகளும் இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.