படம் வரையும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். சுவரோவியம் வரையப் போகும் சுவர்களைத் தயார் செய்து கொடுப்பதும் என் வேலைதான். இப்போது பாலம் கட்டினால் தூணில் படம் வந்துவிடுகிறது. சந்தோஷம்தான், கிழிந்த போஸ்டர் தொங்கும் சுவருக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் ஆட்கள் குடியிருக்கும் கட்டடம் என்றால் கணக்கே வேறு.

சென்னை கண்ணகி நகரைப் பாருங்கள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களை 2000 முதல் கொண்டுவந்து குடியமர்த்திய இடம், முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள பிள்ளைகள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன இடம். 2020-இல் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெரு ஓவிய அமைப்பும் மாநகராட்சியும் ஏசியன் பெயின்ட்ஸும் சேர்ந்து அந்த அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் மாடி உயரத்துக்கு ஓவியங்களைக் கொண்டுவந்தார்கள். குற்றச் செய்தியிலேயே அடிபட்ட பெயர் ஓவியத்துக்காகப் பத்திரிகையில் வந்தது. அது சின்ன விஷயம் இல்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. சில வருடம் முன்பு, வேறு ஊரில் ஒரு குடியிருப்பு. சுவரை விரல் முட்டியால் தட்டினேன், பல இடத்தில் பொள்ளல் சத்தம், காரை விட்டிருந்தது. கீழே முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்திருந்தது. மாடிக் கழிவறைக் குழாய் கசிகிறது, முதலில் அதைப் பாருங்கள் என்றேன். திறப்பு விழாத் தேதி குறித்தாயிற்று, பிரைமர் அடித்துவிடுங்கள் என்றார்கள், நானும் அடித்தேன், அது என் தப்பு. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஓவியத்திலிருந்த குழந்தையின் கன்னம் கொப்பளித்து உரிந்தது. சுவருக்கு உள்பக்கம் குடியிருந்த அக்கா, ஓதம் ஏறாமலிருக்கப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைக் கட்டில்மேல் தூக்கி வைத்திருந்ததைக் காட்டி, "வெளியே பொம்மை அழகாத்தான் இருக்கு தம்பி, உள்ளே சுவர் ஊறுதே" என்றார்.

அதற்கப்புறம் ஓதம் உள்ள சுவரில் நான் கை வைப்பதில்லை. கசிவை அடைத்து, விட்ட காரையைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசி, 28 நாளாவது காய விட வேண்டும். வெயில் நேராக அடிக்கும் சுவரில் சில சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுத்துவிடும், ஆகவே மறுபூச்சுக்கான பணத்தையும் ஆரம்பத்திலேயே ஒதுக்கச் சொல்கிறேன்.

உங்கள் குடியிருப்புக்கு யாராவது படம் வரைய வந்தால் தாராளமாக வரவேற்கலாம். என்ன படம் என்று குடியிருப்பவர்களிடம் கேட்டார்களா என்று பாருங்கள், அப்புறம், சாரம் கட்டும் முன் குழாயைச் சரிசெய்து கொடுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.