கண்ணாடித் தட்டில் வளரும் நரம்பணு உங்களுக்கான ஊசிமருந்து அல்ல

உடலின் பலவகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லைப் பற்றிப் பெரிய செய்தி ஏதேனும் வெளியானால், அடுத்த வாரம் என் புறநோயாளர் அறையில் என்ன கேட்பார்கள் என்பது பார்க்கின்சன் நோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு முன்கூட்டியே தெரியும். "தோலிலிருந்தே மூளைச் செல்லை உண்டாக்கிவிட்டார்களாமே, அதை எப்போது போட்டுக்கொள்ளலாம், டாக்டர்?" கேள்வியோடு நின்றுவிட்டால் எனக்கு வருத்தமில்லை. அண்மையில் ஒருவரைக் கைகால்களை மடக்க முடியாத விறைப்போடும் கடும் காய்ச்சலோடும் தூக்கிவந்தார்கள். உடை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது, பேச்சு குழறியது. ஸ்டெம் செல் ஏற்றுவதாகச் சொன்ன ஓரிடத்தில், பழைய மருந்து உடம்பில் இருந்தால் புதிய செல்கள் பிடிக்காது என்று கூறி, பார்க்கின்சனுக்காக அவர் உட்கொண்டுவந்த லெவோடோபா மாத்திரைகளை ஒரேயடியாக நிறுத்தச் செய்திருந்தார்கள். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய நிலை அது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து அவரைக் காப்பாற்ற முடிந்தது. இவ்வாறு வந்தவர்களில் இவர் முதலாமவர் அல்லர் என்பதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

முதலில், ஆய்வகத்தில் உண்மையாக நடப்பது என்ன என்று பார்ப்போம். முதிர்ந்த செல்லில் நான்கு மரபணுக்களைச் செயல்படச் செய்து அதை மீண்டும் கருநிலைச் செல்லுக்கு ஒப்பான நிலைக்குக் கொண்டுசெல்லலாம் என்பதை ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனகா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும் காட்டினார். 2012-இல் ஜான் கர்டனோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வழியில் நோயாளி ஒருவரின் சிறிதளவு தோலையோ இரத்தத்தையோ கொண்டு ஸ்டெம் செல்களை உருவாக்கி, கருவில் நடுமூளை உருவாகும்போது கிடைக்கும் சமிக்ஞைகளை அதே வரிசையில் கொடுத்தால், சில வாரங்களில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் கிடைக்கின்றன. பார்க்கின்சன் நோயில் அழிவது இவ்வகை நரம்பணுக்களே. அவை ஓரளவு முதிர்வதற்கு மாதங்கள் ஆகும். தட்டில் உள்ள எல்லாச் செல்களும் டோபமைன் நரம்பணுக்களாகிவிடுவதும் இல்லை.

இத்தனை பாடு எதற்கு? உயிரோடு இருப்பவரின் நடுமூளையிலிருந்து நரம்பணுக்களை வெட்டியெடுத்து ஆராய முடியாது. இறந்தபின் கிடைக்கும் மூளையோ நோயின் கடைசிக் கட்டத்தையே காட்டும். கை நடுக்கமும் உடல் விறைப்பும் வெளியே தெரியும் வேளையில் டோபமைன் நரம்பணுக்களில் பெரும்பகுதி ஏற்கெனவே அழிந்திருப்பதால், தொடக்கத்தில் என்ன நடந்தது என்பதைக் காண வேறு வழி தேவைப்பட்டது.

மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரித்தே சொல்கிறேன். நோயாளியின் தோலிலிருந்து உருவாக்கிய நரம்பணுவில் அவருடைய மரபணுக்களே இருக்கின்றன. நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் இருந்தால் அதுவும் அப்படியே இருக்கும். ஆய்வாளர் அதை வளர்ப்பது அது நோயுறுவதைக் காண்பதற்காகவே. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் தேங்குகிறதா, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா களைத்துப்போகிறதா, செல்லின் கழிவகற்றும் அமைப்பாகிய லைசோசோம் தடுமாறுகிறதா என்று பார்ப்பதற்காகவே. தட்டில் செல்கள் நலமாக இருந்துவிட்டால் அந்த ஆய்வாளருக்கு ஏமாற்றம்தான். நோயைக் காட்டுவதற்கென்றே வளர்க்கப்பட்ட ஒரு செல்லைத் தம் தலைக்குள் செலுத்தச் சொல்லி ஒருவர் கேட்கும்போது எனக்கு ஏற்படும் சலிப்பை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

இந்தச் செல்கள் கற்றுத்தந்தவை குறைவல்ல. ஆல்ஃபா சைனூக்ளின் மரபணு வழக்கமான இரண்டு படிகளுக்குப் பதிலாக நான்கு படிகள் இருந்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்த நோயாளியிடமிருந்து 2011-இல் உருவாக்கிய நரம்பணுக்களில் அந்தப் புரதம் ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டது. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளிகளின் நரம்பணுக்களில் டோபமைனே ஆக்சிஜனேற்றமடைந்து நஞ்சாகி, மைட்டோகாண்ட்ரியாவையும் லைசோசோமையும் சீர்குலைப்பது தெரியவந்தது. அதே மரபணுக் குறை உள்ள எலியின் நரம்பணுக்களில் அது காணப்படவில்லை. எலியிடம் பலித்த மருந்துகள் மனிதரிடம் ஏன் பொய்த்தன என்று தலையைப் பிய்த்துக்கொண்ட எங்களுக்கு அது ஓரளவு விளக்கம் தந்தது. ஒரே நோயாளியின் செல்களில், மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையால் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் திருத்தி, திருத்தியதையும் திருத்தாததையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதும் இன்று வழக்கமாகிவிட்டது.

எனினும் குறைகள் உண்டு. முதிர்ந்த செல்லைக் கருநிலைக்குத் திருப்பும் மறுநிரலாக்கத்தில் அதன் வயது பெரிதும் அழிந்துவிடுவதால், எழுபது வயதானவரின் தோலிலிருந்து வந்த நரம்பணுவும் கருவில் உள்ள குழந்தையின் நரம்பணுவைப் போலவே நடந்துகொள்கிறது. நோயோ முதுமையோடு வருவது. மேலும், ஒற்றை மரபணுவால் நோய் வந்தவர்கள் சிறுபான்மையினரே. பெரும்பான்மையினரின் நோய்க்குத் தட்டில் தெளிவான விடை கிடைப்பது கடினம்.

அப்படியானால் மூளையில் செல்களைப் பொருத்துவதாக வரும் செய்திகள் பொய்யா? பொய்யல்ல, அவை வேறொரு முயற்சியைப் பற்றியவை. கியோட்டோ பல்கலைக்கழகக் குழு 2025-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வேறொரு நலமான கொடையாளரின் செல்களிலிருந்து உருவாக்கிய, டோபமைன் நரம்பணுக்களாக முதிரவிருக்கும் முன்னோடிச் செல்கள் 7 நோயாளிகளுக்கு மூளை அறுவைச் சிகிச்சை மூலம் பொருத்தப்பட்டு, 24 மாதங்கள் கண்காணிக்கப்பட்டன. கடுமையான பக்கவிளைவுகளோ கட்டிகளோ தோன்றவில்லை. பயனை மதிப்பிட்ட 6 பேரில் 4 பேருக்கு, மருந்தின் வேகம் தணிந்திருக்கும் நேரத்து அசைவுக் குறைபாடு குறைந்தது. நம்பிக்கை தரும் தொடக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாத, மிகச் சிறிய ஆய்வு அது. நோயாளிகள் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தையும் நெடுங்காலம் உட்கொண்டார்கள்.

விளம்பரம் செய்யும் இடங்களில் பெரும்பாலும் கொடுப்பதோ கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ எடுத்த செல்கள், அதுவும் இரத்தக்குழாயில் போடும் ஊசியாக. இரத்தத்தில் விட்ட அச்செல்கள் நடுமூளையைத் தேடிச்சென்று டோபமைன் நரம்பணுக்களாக மாறுவதில்லை. மூளைக்குள்ளேயே செலுத்தினாலோ ஆபத்து வேறு: வேறொரு நரம்பு நோய்க்காக நரம்பு ஸ்டெம் செல் ஏற்றப்பட்ட சிறுவன் ஒருவனுக்கு, கொடையாளரின் செல்களிலிருந்தே மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் வளர்ந்தது 2009-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

ஆகவே, யார் சொன்னாலும் லெவோடோபாவை உங்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், அளவைக் குறைக்கவும் செய்யாதீர்கள். ஆய்வு என்று சொல்லிப் பணம் கேட்டால் எழுந்து வாருங்கள். செல் எங்கிருந்து எடுக்கப்படுகிறது, மூளையில் எந்த இடத்தில் வைக்கப்படும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் எங்கே என்ற மூன்றையும் கேளுங்கள். மூட்டுவலி, நீரிழிவு, பார்க்கின்சன் அனைத்துக்கும் ஒரே செல் என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் கேள்வி கேட்பதும் வீண்.

வயதானவர்களை அழைத்துவரும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆய்வுகள் முன்னேற வேண்டுமென்று உண்மையாகவே விரும்பினால், பல்கலைக்கழக ஆய்வகங்கள் தோல் அல்லது இரத்த மாதிரி கேட்கும்போது கொடுக்க முன்வாருங்கள். நோயில்லாத உடன்பிறந்தாரின் மாதிரியும் ஒப்பீட்டுக்குப் பயன்படும். கொடுப்பவருக்கு அதனால் சிகிச்சை எதுவும் கிடைக்காது. மாதிரியை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், மருந்து நிறுவனங்களோடு பகிர்வார்களா, பின்னர் மனம் மாறினால் விலகலாமா, மரபணு முடிவைக் குடும்பத்துக்குத் தெரிவிப்பார்களா என்பவை ஒப்புதல் படிவத்தில் எழுதப்பட்டிருக்கும். அதை வீட்டுக்கு எடுத்துச்சென்று நிதானமாகப் படித்தபின் கையொப்பமிடுங்கள்.