மார்பு நீச்சலில் (பிரெஸ்ட்ஸ்ட்ரோக்) வகுப்பு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது? குமரி மாவட்ட மாற்றுத்திறனாளி வீரர்களுக்கான விளக்கம்

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெற்ற சான்றில் ஊனத்தின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலைவாய்ப்பு, உயர்கல்வி ஆகியவற்றில் இட ஒதுக்கீடு கோரலாம். அச்சட்டத்தின் 30ஆவது பிரிவு விளையாட்டையும் விட்டுவிடவில்லை. பயிற்சி வசதிகளை அணுகத்தக்கவையாக மாற்றியமைப்பதும், மாற்றுத்திறனாளிகளுக்கெனப் போட்டிகள் நடத்துவதும் அரசின் கடமை என்கிறது. ஆகவே நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தை அணுகுவோர், சலுகை கேட்பதாகத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் சான்றிலுள்ள சதவீதம், நீச்சலில் யாருடன் யார் போட்டியிடுவது என்பதைத் தீர்மானிப்பதில்லை. அதற்கு, ஊனத்தின் தாக்கத்தைப் பொறுத்து வீரர்களை வகுப்புகளாகப் பிரிக்கும் தனியான வகைப்பாடு உண்டு. சட்டம் ஏற்கும் 21 வகை ஊனங்களில் அடங்கியவர்கூட, போட்டிக்குரிய குறைந்தபட்ச வரம்பை எட்டவில்லையெனில் தகுதியற்றவராக அறிவிக்கப்படலாம். செவித்திறன் குறைபாடு மட்டும் உள்ளவர்களுக்குப் பாராலிம்பிக்கில் இடமில்லை. அவர்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ் தனியே நடைபெறுகிறது.

உடல் ஊனமுற்றோருக்கு ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை ஆகியவற்றில் எஸ் 1 முதல் எஸ் 10 வரையும், மார்பு நீச்சலில் எஸ்பி 1 முதல் எஸ்பி 9 வரையும் வகுப்புகள் உள்ளன. எண் குறையக் குறைய ஊனத்தின் தாக்கம் மிகுதி. மார்பு நீச்சலுக்கு மட்டும் ஏன் தனி வரிசை என்றால், அதில் உந்துவிசையின் பெரும்பங்கு கால்களிலிருந்து வருகிறது. வகுப்பை முடிவுசெய்ய உடலின் செயல்திறனுக்குப் புள்ளிகள் தரப்படுகின்றன. மற்ற நீச்சல்களுக்கான மொத்தம் 300 புள்ளிகளில் கைகளுக்கு 130, கால்களுக்கு 100 என்றிருக்கும் கணக்கு, மார்பு நீச்சலின் 290 புள்ளிகளில் கைகளுக்கு 110, கால்களுக்கு 120 எனத் தலைகீழாகிறது. இதனால் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஒருவர் ஃப்ரீஸ்டைலில் எஸ் 5 ஆகவும் மார்பு நீச்சலில் எஸ்பி 4 ஆகவும் இருப்பது சாதாரணம். இடது கையில் குறைபாடுள்ள பெங்களூரு வீரர் சரத் கெய்க்வாட், 2012 லண்டன் பாராலிம்பிக்கில் எஸ்பி 8 பிரிவு 100 மீட்டர் மார்பு நீச்சலில் இறங்கினார். பாராலிம்பிக்கில் எஸ்பி 3 வரையிலான வகுப்பினருக்கு 50 மீட்டரும், எஸ்பி 4 முதல் 9 வரை 100 மீட்டரும் தூரம்.

வகைப்பாட்டின்போது முதலில் மேசையில் படுக்கவைத்துத் தசை வலிமை, மூட்டு அசைவு, உறுப்பு நீளம் ஆகியவற்றை அளப்பார்கள். பிறகு நீரில் நீந்தச் சொல்வார்கள். இறுதியாகப் போட்டியிலும் கவனிப்பார்கள். வேண்டுமென்றே திறனைக் குறைத்துக் காட்டினால் தடை விதிக்கப்படும். அறுவை சிகிச்சை அறிக்கை, எக்ஸ்ரே ஆகியவற்றைக் கையோடு கொண்டுசெல்வது நல்லது. யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள) அட்டை மட்டும் போதாது.

விதிகளில் தளர்வுகளும் உண்டு. திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும் என்பது பொதுவிதி. ஒரு கை மட்டுமே உள்ளவர் அக்கையால் தொட்டால் போதும், கைகளே இல்லாதவர் உடலின் மேற்பகுதியால் தொடலாம். மேடையில் நிற்க இயலாதவர் உட்கார்ந்தோ நீருக்குள்ளிருந்தோ தொடங்கலாம், உதவியாளர் பிடித்துக்கொள்ளலாம்; தள்ளிவிடக் கூடாது. செயற்கைக் கால் அணிந்து நீந்த அனுமதியில்லை.

நம் மாவட்டத்தில் குளத்திலும் குழித்துறை ஆற்றிலும் நீந்தப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். படித்துறையில் தொட்டுத் திரும்பச் சுவர் கிடையாது. மூச்சு முட்டாமலிருக்க ஒரு காலைப் பக்கவாட்டில் கத்தரிபோல் வெட்டும் பழக்கமும் ஒட்டிக்கொள்கிறது. கால் இயங்குபவர் இப்படி உதைத்தால் தகுதிநீக்கம் உறுதி. காலை அசைக்க இயலாதவர் அதை இழுத்துச் செல்லலாம், ஆனால் அந்த விலக்கு வகைப்பாட்டுத் தாளில் குறியீடாகப் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு விடுபட்டிருந்தால் நடுவர் பொதுவிதியையே பார்ப்பார் என்பதால், தாளைப் பெற்றவுடனேயே பயிற்சியாளரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். வளரும் சிறுவர்களின் வகுப்பு பெரும்பாலும் மறுஆய்வுக்கு உட்பட்டதாகவே குறிக்கப்படும். அடுத்த ஆண்டு அது மாறக்கூடும்.