ரேஸ் ஃபார்ம் படிக்கத் தொடங்கும் தம்பிகளுக்கு ஓர் ஆடிட்டர் சொல்வது

ஜூலை மாத வருமான வரி ரிட்டர்ன் நெருக்கடியில் பாளையங்கோட்டை ஆபீசுக்கு வரும் பையன்கள் சிலருடைய ஏஐஎஸ் அறிக்கையில் (ஆண்டு வரவுகளை வரித்துறை தொகுத்துத் தரும் பட்டியல்), சம்பளத்துக்குக் கீழே இன்னொரு வரவு நிற்கிறது: குதிரைப் பந்தய வெற்றித்தொகை. வேலை பெங்களூரில், சொந்த ஊர் அம்பாசமுத்திரமோ நாங்குநேரியோ. கேட்டால், "சும்மா அடிக்கல சார், ஃபார்ம் படிச்சுதான் போடுதேன்" என்கிறார்கள்.

நான் கேலி செய்வதில்லை. ஃபார்ம், அதாவது குதிரைகளின் முந்தைய ஓட்டக் குறிப்புகளைப் படிப்பது, மெய்யான வித்தைதான். தமிழ்நாடு 1974-இல் கொண்டுவந்த குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் தொடர்பான வழக்கில் 1996-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், இதில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்றுதான் சொன்னது. மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்து வளர்ந்த நம்ம பக்கத்து ஆளுக்கு இது புதுசும் இல்லை. பெரிய மாடா சின்ன மாடா, எத்தனை மைல், சாரதி யார் என்று கேட்காமல் எந்த அண்ணாச்சியும் ஒரு ஜோடியைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

ரேஸ் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அந்த நிதானம் போய்விடுகிறது. முந்தைய ஓட்டங்களில் பிடித்த இடங்கள் 3, 2, 1 என்று வரிசையாக இருந்தால் குதிரை ஏறுமுகம் என்று முடிவு கட்டுகிறார்கள். முதலில் அந்த எண்களை எந்தப் பக்கமிருந்து படிப்பது என்று தெரியவேண்டும். பிரிட்டன் வழக்கத்தில் வலக்கோடியில் இருப்பதுதான் கடைசி ஓட்டம்; 0 இருந்தால் முதல் ஒன்பது இடத்துக்குள் வரவில்லை என்று அர்த்தம்.

பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் போகவேண்டும். 1200 மீட்டரில் 52 கிலோவோடு ஜெயித்த குதிரை என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்ததால் ரேட்டிங் (குதிரையின் திறனுக்குப் போடும் மதிப்பெண்) ஏறி, இன்று அதன் முதுகில் 58 கிலோ, தூரமும் 1600. அந்தக் கிலோவில் ஜாக்கி, சேணம், எடை குறைந்தால் வைக்கும் ஈயம் எல்லாம் அடக்கம். நல்ல குதிரையையும் சுமார் குதிரையையும் சமப்படுத்துவதற்கென்றே வைத்ததுதான் ஹேண்டிகேப். போன வாரத்து '1' இன்றைக்கு எதிராகவே வேலை செய்யலாம். எட்டு குதிரை நீளம் பின்தங்கி இரண்டாவதாக வந்ததைவிட, ஒரே நீளத்தில் தோற்று ஐந்தாவதாக வந்த ஓட்டம் பல நேரம் மேல். மழையில் ஊறிய தரையில் கிடைத்த வெற்றியைக் காய்ந்த தரைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இத்தனையும் படித்தவர் கோட்டை விடுவது விலையில், அதாவது கட்டிய பணத்துக்கு எவ்வளவு திரும்பும் என்பதில். அந்தப் புத்தகத்தை எல்லோரும்தான் படிக்கிறார்கள். எல்லோர் பணத்தையும் ஒரே தொகுப்பில் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் டோட்டில், நல்ல ஃபார்ம் உள்ள குதிரைக்குப் பணம் குவியும், கிடைக்கும் டிவிடெண்ட் (பங்கு) சுருங்கும். நாலில் ஒரு தடவை ஜெயிக்கும் குதிரைக்கு 100 ரூபாய் கட்டி 400 திரும்பி வந்தால்தான் சரிக்குச் சரி. 300 வந்தால், கணிப்பு சரியாக இருந்தும் நஷ்டம்.

வரியை இன்னும் சேர்க்கவில்லை. பந்தயத் தொகை முழுவதன் மீதும் ஜிஎஸ்டி உண்டு. 28 விழுக்காடாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 40. ஜெயித்த பணத்துக்கு 30 விழுக்காடு வருமான வரி, மேலே 4 விழுக்காடு செஸ். தோற்றதைக் கழிக்க வழியே கிடையாது. ஆண்டு முழுக்க 50,000 ஜெயித்து 70,000 தோற்றவர், கையில் நஷ்டத்தோடு 15,600 ரூபாய் வரியும் கட்டவேண்டும். நம்பாமல் இரண்டு தடவை கால்குலேட்டரைத் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. 10,000 ரூபாய்க்குக் கீழே என்று டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிக்காமல் விட்டிருந்தாலும் வரி வரிதான்.

ஆசை விடவில்லை என்றால் ஒரு சீசன் முழுக்கப் பணம் கட்டாமல் நோட்டில் மட்டும் எழுதுங்கள். ஓட்டத்துக்கு முன்பே உங்கள் கணிப்பு, காரணம், அப்போதைய விலை; முடிந்ததும் முடிவு. பேனாவால் எழுதுங்கள், அழிக்க முடியாதபடி. வாட்ஸ்அப் குரூப்பில் 'உறுதி டிப்ஸ்' விற்பவரிடமும் இதே மாதிரி தோல்வியையும் சேர்த்து எழுதிய நோட்டைக் கேளுங்கள். ஒருத்தரும் காட்டமாட்டார்.

விட்டதைப் பிடிக்க லோன் ஆப்பில் கடன் வாங்கும் நிலைக்கு வந்தவர்கள் என்னிடம் வருவதற்கு முன் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

ரிட்டர்னுக்கு வருபவர்கள் வங்கி ஸ்டேட்மென்டை முழுசாகக் கொண்டு வாருங்கள். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர் 1 இதற்குச் செல்லாது. பெரும்பாலும் ஐடிஆர் 2 போடவேண்டி வரும். கடைசி நாள் சாயங்காலம் ஓடி வராதீர்கள்.